ஒரு தாடியோடு நான் போட்ட சண்டை

வேலை செய்யும் இடத்தில் எனக்கு நண்பர்கள் கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெங்களூருக்கு வெளியே ஆனேக்கல் போகும் சாலையில், செயற்கைக் கல் பலகைகளை வெட்டிச் சமையலறை மேடைகளாக்கி அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. மாஸ்க் போடு, காற்றுக் குழாயால் சட்டையை ஊதாதே, காய்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்காதே என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறவளை யாருக்குப் பிடிக்கும்? நான் ஷெட்டுக்குள் நுழைந்தால் கழுத்தில் தொங்கும் மாஸ்க்குகள் எல்லாம் மூக்குக்கு ஏறும். நான் வெளியே போனதும் கழுத்துக்கு இறங்கும். முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன்.

மேனேஜருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கு அவரைச் சுத்தமாகப் பிடிக்காது. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்த தமிழர். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் ஒரு சுற்று சுற்றி, இங்கிலீஷில் கொண்டுபோய் முடிப்பார். எதைக் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆய்வுக்கு வருகிறவர்கள் முன்னால் நிறுத்த ஒரு பாதுகாப்பு அதிகாரி வேண்டும், அதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்பது அவர் நினைப்பு. வாய்விட்டும் ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

நாங்கள் வெட்டும் கல்லைக் கல் என்று சொல்வதே தப்பு. வெள்ளைக் குவார்ட்ஸைப் பொடியாக்கிப் பசை போட்டு இறுக்கிய பலகை அது. வெட்டினால் மாவு மாதிரிப் பறக்கும். கண்ணுக்குத் தெரிகிற மாவு மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், துப்பிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத தூசி நுரையீரலின் அடிவரை போய் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அது உட்கார்ந்த இடம் தழும்பாகும். தழும்பான நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. இதைத்தான் நான் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் சொல்வது.

விதி ரொம்ப எளிமையானது. முதலில் தண்ணீர்: பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தால் தூசி சேறாகிக் கீழே போய்விடும். அடுத்தது, மீறிக் கிளம்பும் தூசியை உறிஞ்சி எடுக்கும் குழாய். அதற்கப்புறம், வேலை இல்லாதவர்களை அந்தப் பக்கமே விடாமல் இருப்பது. எல்லாம் செய்த பிறகும் மிச்சம் இருப்பதற்குத்தான் மாஸ்க். மாஸ்க் கடைசி. இந்த வரிசையைப் பயிற்சி வகுப்பில் எத்தனையோ தடவை வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனி விதிப் புத்தகத்திலேயே எனக்கு ஓர் அதிகாரம் உண்டு. ஆபத்து என்று நான் நினைத்தால் மெஷினில் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிடலாம். அட்டை தொங்கினால் நான் எடுக்கும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. அந்த அட்டைகள் ஒரு கட்டு என் மேஜை டிராயரில் கிடந்தன. சேர்ந்த வருஷம் ஒரு கிரைண்டரில் ஒரே ஒரு அட்டையைத் தொங்கவிட்டேன். மேனேஜர் கூப்பிட்டு, சிரித்துக்கொண்டே, "அடுத்த அட்டை உங்க சேர்ல தொங்கும் மேடம்" என்றார். அதற்கப்புறம் அந்தக் கட்டை நான் பிரிக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். வேறு எந்தக் காரணமும் இல்லை.

அந்தக் கம்பெனியில் ஒரே ஒருவர்தான் என்னை மேடம் என்று கூப்பிடாதவர். சிங்க் பதிக்கப் பலகையில் ஓட்டை போடும் வேலை அவருக்கு. கைக் கட்டரைப் பிடித்தால் கோடு பிசகாது. அவர் சேர்ந்த அன்று பேச்சைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கே.ஜி.எஃப்பா?" என்றேன்.

"ஆமா. நீங்களுமா? எந்த லைன்?" என்றார்.

கோலார் தங்கச் சுரங்கத்துக் குடியிருப்புகளுக்கு எங்கள் ஊரில் லைன் என்று பெயர். லைனைச் சொன்னதும் என் அப்பா எந்தச் சுரங்கத்தில் இறங்கினார் என்பதுவரை அவரே சொல்லிவிட்டார். அவருடைய அப்பாவும் இறங்கியவர். இரண்டு பேருமே மூச்சு வாங்கி வாங்கித்தான் போய்ச் சேர்ந்தார்கள். அன்றைக்கே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். குடியிருப்பதும் நாங்கள் இருவரும் ஹெப்பகோடியில்தான். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் இறங்கினால் கறிகாய்க் கடை வரை பேசிக்கொண்டே நடப்போம்.

ஒரு வருஷம் ஐப்பசியில் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். அவருடைய படத்தில் மேல் பக்கம் பொடிப் பொடியாக நிழல். தூசியில் வேலை வேண்டாம், மூன்று மாதம் கழித்து மறுபடி படம் எடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். அந்தத் தாளை நான்தான் அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் படிக்கவே இல்லை. நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"வீட்ல சொல்லிடாதீங்க அக்கா. அவ எங்க அப்பாவ கடைசி வருஷம் பாத்துக்கினவ. இத கேட்டா தாங்க மாட்டா," என்றார்.

"பேக்கிங்குக்கு மாத்தச் சொல்லிக் கேக்கறேன்."

"கேளுங்க. நான் ஒண்ணு நேர்ந்துக்கினு இருக்கேன்."

என்ன நேர்ந்துகொண்டார் என்பது கார்த்திகை முதல் தேதி தெரிந்தது. கறுப்புச் சட்டை, கழுத்தில் துளசி மாலை, நெற்றியில் சந்தனம். அடுத்த படம் சுத்தமாக வந்தால் வருஷா வருஷம் சபரிமலைக்கு வருவதாக வேண்டுதல். முதல் வருஷ மாலையை முன்கூட்டியே போட்டுவிட்டார். கார்த்திகை வந்தால் எங்கள் ஷெட்டில் பாதிப் பேர் சாமிதான். கல் தூக்குகிறவரும் சாமி, கணக்குப் பார்க்கிறவரும் சாமி, மேனேஜரும் சாமி. வெறுங்காலோடு வருகிறவர்களை ஷெட்டுக்குள் மட்டுமாவது ஷூ போட வைக்க நான் வருஷா வருஷம் ஒரு பாட்டம் கத்தித் தீர்ப்பேன். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். தாடியைத்தான் சமாளிக்க முடியாது.

நாங்கள் கொடுக்கும் மாஸ்க் முகத்தோடு ஒட்டிக்கொண்டால்தான் வேலை செய்யும். நடுவில் முடி இருந்தால் ஒட்டாது. ஒட்டாத இடத்தில் தூசி தாராளமாக உள்ளே போகும். விரதம் இருக்கிறவரோ மலைக்குப் போய்த் திரும்பும்வரை முகத்தில் கத்தி வைக்க மாட்டார். நுரையீரல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஒருவர் வேண்டிக்கொள்கிறார். அந்த வேண்டுதலே அவர் மாஸ்க்கில் ஓட்டை போடுகிறது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் திட்டினேன்.

மூன்றாவது வாரம் அவரைச் சோதனைக்குக் கூப்பிட்டேன். மாஸ்க் போட்டவர் தலைமேல் ஒரு பிளாஸ்டிக் கூண்டைக் கவிழ்த்து, உள்ளே கசப்பு மருந்தைப் புகையாக அடிப்பார்கள். கசப்பு நாக்கில் தெரிந்தால் மாஸ்க்கில் சந்து இருக்கிறது என்று அர்த்தம். மருந்து அடிக்கும்போது தலையை ஆட்ட வேண்டும், பேசவும் வேண்டும். ஏதாவது பேசுங்கள் என்றேன். அவர் சரணம் சொல்ல ஆரம்பித்தார். நாலாவது சரணத்தில் முகம் சுருங்கியது.

"கசக்குதா?"

"கசக்குது அக்கா."

அவருக்கு முன்னால் வந்த தாடிக்காரர்கள் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. எல்லோருக்கும் இனிப்பாகத்தான் இருந்ததாம். கட்டிங்கை விட்டு மாற்றச் சொல்லிவிடுவேன் என்று அவர்களுக்குத் தெரியும், மாற்றினால் அந்த வேலைக்கான கூடுதல் படி போய்விடும். இது இவருக்கும் தெரியும்.

"மாலைய போட்டுக்கினு பொய் சொல்ல முடியாது," என்று கூண்டைக் கழற்றினார்.

அந்தச் சோதனைத் தாளை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். கண்ணாடி அறை, ஏசி. அவருக்கும் தாடி, அவருக்கும் மாலை. அவர் தாடிக்குள் எந்தத் தூசியும் போகப்போவதில்லை.

"மேடம், அவரும் சாமி, நானும் சாமி. ஒரு சாமிகிட்ட தாடி எடுன்னு சொல்ற பாவம் எனக்கு வேணாம்," என்றார்.

"தாடி எடுக்கச் சொல்லல சார். பேக்கிங்ல போடுங்க. டாக்டரும் அததான் எழுதியிருக்காரு."

"அவர எடுத்துட்டா சிங்க் கட்டிங் யாரு பண்றது? ஒரு அபார்ட்மெண்ட் ஃபுல்லா ஆர்டர் நிக்குது. சும்னே பிராப்ளம் பண்ணாதீங்க."

தாடிக்காரர்களுக்கென்று தலையை முழுக்க மூடிச் சுத்தமான காற்றை ஊதும் தொப்பி இருக்கிறது, ஒன்றாவது வாங்கிக் கொடுங்கள் என்றேன். அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்று சிரித்தார்.

தண்ணீர் என்ற வார்த்தை அப்போது வாய்வரை வந்தது. அதை ஏன் முழுங்கினேன் என்று சொல்ல வேண்டும். அந்த வருஷம் எங்கள் போர்வெல் சீக்கிரமே கைவிட்டுவிட்டது. சேற்றுத் தொட்டியில் தெளிந்த தண்ணீரைத் திரும்ப இழுக்கும் மோட்டாரும் புகைந்து போனது. மோட்டாரைச் சரிசெய்யும்வரை டேங்கர்தான். டேங்கர் தண்ணீர் பெரிய கட்டிங் மெஷினுக்கு மட்டும் போதும், கைக் கட்டருக்கும் கிரைண்டருக்கும் வேண்டாம் என்று மேனேஜர் முடிவு செய்தார். அன்றிலிருந்து சிங்க் ஓட்டைகளை எல்லாம் காய்ந்த கல்லில்தான் போட்டார்கள். மத்தியானத்துக்குள் ஷெட்டின் அந்த மூலையில் எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. நான் ரிஜிஸ்டரில் எழுதினேன். மேனேஜர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மறுபடி எழுதினேன், மறுபடி கையெழுத்துப் போட்டார். எழுதியாகிவிட்டது, என் மேல் தப்பில்லை என்று டிராயரைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மேனேஜரோடு போட வேண்டிய சண்டையை அப்படி ரிஜிஸ்டரில் போட்டு மூடிவிட்டு, தாடியோடு சண்டைக்குப் போனேன். அது எனக்குச் சுலபமாக இருந்தது. மாடிப்படியில், சாப்பாட்டு வரிசையில், பஸ்ஸில், பார்க்கிற இடத்தில் எல்லாம் அவரைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் அப்பா எப்படிப் போனார் என்று மறந்துவிட்டதா என்று பஸ்ஸில் எல்லோர் காதிலும் விழக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதோடும் நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஜனை நடக்கும் இடத்துக்கே போய் அவர்களுடைய குருசாமியைப் பார்த்தேன். பல வருஷமாக மலைக்குப் போகிறவர், பிழைப்புக்கு எலக்ட்ரிக் வேலை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"தாடிய ஐயப்பன் கேக்கலம்மா. வைத்தியத்துக்குன்னா எடுக்கலாம். நானே சொல்றேன்," என்றார்.

சொல்லவும் செய்தார். திங்கட்கிழமை காலை என் ஊர்க்காரர் மழித்த முகத்தோடு வந்தார். கன்னம் இரண்டும் உள்ளே போய், மாலை மட்டும் தனியாகத் தொங்கியது. கூட இருந்த சாமிகள் அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். சோதனை செய்தேன்.

"கசக்குதா?"

"இல்ல."

தேறினார் என்று தாளில் எழுதினேன். அன்று மனசுக்குள் எனக்கு இருந்த குஷியை இப்போது நினைத்தால் என் மேலேயே அருவருப்பு வருகிறது. வீட்டுக்குப் போகிற வழியில் மல்லிகைப் பூ வாங்கினேன்.

மூன்றாம் நாள் அவர் கழுத்தில் மாலை இல்லை. கோயிலில் கழற்றிக் கொடுத்துவிட்டாராம். குருசாமியே பரவாயில்லை என்றாரே, ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டேன்.

"குருசாமி ஒத்துக்கினாரு அக்கா. நேர்ந்துக்கினது நான்தானே. நான் நேர்ந்த மாதிரி இல்லையே," என்றார்.

உடம்புதான் முக்கியம் என்று என்னவோ சொன்னேன். அவர் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு போய்க் கட்டரை எடுத்தார். அந்த மூலையில் தூசி எழும்பி அவரை மறைத்தது. மாஸ்க் நன்றாக ஒட்டியிருக்கிறது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். டீ வந்தபோது அதே மூலையில், அதே தூசிக்குள், மாஸ்க்கை இறக்கிவிட்டுக் குடித்தார். எல்லோரும் அப்படித்தான் குடித்தார்கள். டீ குடிக்கத் தனி இடம் வேண்டும் என்று நான் முந்தின வருஷமே எழுதியிருந்தேன். அதற்கும் கையெழுத்து இருக்கிறது. வேலை முடிந்ததும் எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் தூசி அப்பிய சட்டையை உதறினார்கள்.

தை பிறந்து மேனேஜர் மலைக்குப் போய்த் திரும்பினார். ஷெட்டில் எல்லோருக்கும் அரவணைப் பாயசம் டின் டின்னாகக் கொடுத்தார். மாலையைக் கழற்றியவருக்கும் ஒன்று. போக முடியாத ஆளுக்கு, போய்வந்தவர் கையால் பிரசாதம். என் மேஜையிலும் ஒரு டின் வைத்திருந்தார். நான் அதைத் தொடவில்லை, துப்புரவு செய்யும் அம்மா கேட்டு எடுத்துக்கொண்டு போனார்.

அதே மாதம் அவருக்கு மறுபடி படம் எடுத்தார்கள். நிழல் கூடியிருந்தது. ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டு, சிலிகோசிஸ்தான், இனிமேல் தூசிப் பக்கமே போகக் கூடாது, இது திரும்பாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இந்தத் தடவை அவர் அதைப் படித்தார். என் அறையில், என் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடித்துத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"தாடிய எடுக்கச் சொன்னீங்க, எடுத்தேன். மாலையும் போச்சு. இன்னும் என்ன எடுக்கணும்?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நோய் அந்த மூன்று மாதத்தில் வந்தது இல்லை, பல வருஷத் தூசி, தாடி இருந்திருந்தாலும் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மூன்று மாதமும் அவரைத் தூசிக்குள் நிற்கவிட்டது யார் என்பதும் தெரியும். அவரோடு அக்கறையாகச் சண்டை போட்டேன். யாரோடு போட்டிருக்க வேண்டுமோ அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.

அவர் எழுந்து போனதும் டிராயரைத் திறந்தேன். சிவப்பு அட்டைக் கட்டில் போட்டிருந்த ரப்பர் பேண்ட் காய்ந்துபோய் தொட்டதும் அறுந்தது. ஷெட்டுக்குள் போய்க் கைக் கட்டர்கள், கிரைண்டர்கள் ஒவ்வொன்றின் ஸ்விட்சிலும் ஓர் அட்டையைக் கட்டினேன். வேலை நின்றது. யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. இன்றைக்குப் படி போச்சு என்று ஒருவர் நான் கேட்கும்படியே திட்டினார்.

மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"யார கேட்டு கட்டினீங்க?"

"யாரையும் கேக்க வேணாம்னு உங்க புக்லயே இருக்கு சார். தண்ணி வரட்டும், அவுக்கறேன். என் சேர்ல கட்டணும்னா கட்டிக்கோங்க, அட்டை இன்னும் இருக்கு."

ஆர்டர் நிற்கிறது. என்னை வெளியே அனுப்பினால் அட்டை ஏன் தொங்கியது என்று மேலே யாராவது கேட்பார்கள், ரிஜிஸ்டர் முழுக்க அவர் கையெழுத்து. போனை எடுத்துக் கன்னடத்தில் யாரிடமோ கத்தினார்.

ஒரு மணி நேரத்தில் டேங்கர் வந்தது. மாதக்கணக்காக முடியாமல் இருந்தது ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மோட்டார் இரண்டு நாளில் ஓடியது. தண்ணீர் விழுந்ததும் கட்டர் சத்தமே மாறி, தூசி வெள்ளைச் சேறாகச் சாக்கடைப் பக்கம் ஓடியது. நான் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இந்தத் தண்ணீரை வரவழைக்கும் சாவி மூன்று மாதமும் என் டிராயரில்தான் கிடந்தது.

அட்டை கட்டிய அன்றைக்கே ஊர்க்காரரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். மறுநாள் அந்தப் பக்கம் போனேன். ஷெட்டின் அடுத்த கோடியில், ஜன்னல் ஓரமாக, பலகைகளின் மூலைக்கு அட்டை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். மூன்று மூலை ஒட்டிவிட்டு, நாலாவதற்கு முன் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். தாடி கொஞ்சம் வளர ஆரம்பித்திருந்தது. இனிமேல் எடுக்கத் தேவையில்லை.

"மூச்சு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார். பேப்பர் டேப்பைப் பல்லால் கிழித்து, நாலாவது மூலையையும் ஒட்டி முடித்தார்.

"பரவால்ல மேடம்," என்றார்.